லேஸ் இல்லாத ஷூ

என் மகள் முட்டி போட்டு வளர்ந்தவள். தண்டனைக்கு அல்ல, மரியாதைக்கு. நைஜீரியாவில் எங்கள் யொரூபா வீடுகளில் காலையில் எழுந்ததும் பெண் பிள்ளை பெரியவர்கள் முன்னால் இரண்டு முழங்காலும் தரையில் பட அமர்ந்து "ஏ காரோ" என்று வணக்கம் சொல்ல வேண்டும். ஆண் பிள்ளை நெடுஞ்சாண்கிடையாக விழ வேண்டும். நின்றபடி வணக்கம் சொல்லும் பிள்ளையைப் பார்த்து, "இது எந்த வீட்டுப் பிள்ளை?" என்று கேட்பார்கள். அதற்குப் பதில் சொல்ல வேண்டியது பிள்ளை அல்ல, அப்பன். அதனால் இந்த விஷயத்தில் நான் கறார். மான்செஸ்டரில் மாஸ்டன் பக்கம் ஒண்டுக் குடித்தனத்தில் இருந்துகொண்டு எதில் விட்டுக்கொடுத்தாலும் இதில் மட்டும் விட்டதில்லை.

பக்கத்து வீட்டு பிரெண்டா பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். வெள்ளைக்காரி, தனி ஆள். நாங்கள் குடிவந்த மறுநாள் காலை, தோட்டக் கதவருகே அவரைக் கண்டதும் என் மகள் பொத்தென்று முட்டி போட்டாள். அப்போது அவளுக்கு நாலு வயது. பிரெண்டா பதறிப்போய், "என்ன கண்ணு தொலைச்சே?" என்று தானும் குனிந்து தரையில் தேட ஆரம்பித்துவிட்டார். நான் விளக்கிச் சொன்னதும் நிமிர்ந்தார். "எனக்கு இப்படி யாரும் பண்ணினதே இல்ல," என்றார். அதற்குப் பிறகு நாலு வருடம், பள்ளி நாள் எதிலும் அந்தக் காலை வணக்கம் தவறியதில்லை. பனி பெய்கிற நாளில்கூட பிரெண்டா டிரஸ்ஸிங் கவுனோடு கதவைத் திறந்து நின்று அதை வாங்கிக்கொண்டுதான் உள்ளே போவார்.

வேறொரு முட்டி போடுவதும் எங்களிடம் உண்டு. அது கெஞ்சுவதற்கு. வணக்கத்துக்குக் கை சும்மா மடியில் கிடக்கும். கெஞ்சும்போது இரண்டு உள்ளங்கைகளையும் ஒன்றோடொன்று தேய்த்துக்கொண்டே இருப்போம். எங்கள் ஊர் இபாடானில் நான் நில அளவையாளனாக இருந்தபோது வாங்கிய அளவுநாடா ஒன்று என்னிடம் இருந்தது. ஆறு வயதில் மகள் அதை இரண்டாக அறுத்துவிட்டு என் முன்னால் வந்து முட்டி போட்டு, கையைத் தேய்த்துத் தேய்த்து, "ஏ ஜோ, ஏ ஜோ" என்று அழுதாள். 'தயவு பண்ணுங்க' என்று அர்த்தம். சண்டை போட அவளுக்கு இங்கிலீஷ், அதுவும் மான்செஸ்டர் தெரு இங்கிலீஷ். கெஞ்ச மட்டும் யொரூபாதான் வரும்.

பெயர் டுரோஜாயே. வீட்டில் டுரோ. அவளுக்கு முன்னால் எங்களுக்கு ஒரு பெண் பிறந்து ஆறு நாள் இருந்துவிட்டுப் போய்விட்டாள். இப்படி ஒரு குழந்தை போன பிறகு வருகிற குழந்தைக்கு எங்கள் ஊரில் பெயரையே வேண்டுகோளாக வைப்போம். 'இரு, இருந்து வாழ்ந்து பார்' என்பது அவள் பெயரின் பொருள். டுரோ என்றால் இரு. டுரோ என்றால் நில் என்றும்தான். அவள் ஓடும்போது நான் "டுரோ!" என்று கத்தினால் கூப்பிடுகிறேனா, நிற்கச் சொல்கிறேனா என்று புரியாமல் திரும்பிப் பார்த்து முழிப்பாள். என் மனைவி அபிக்கேவுக்கு அதைப் பார்த்தால் சிரிப்பு தாங்காது.

வழக்கின் கதை சுருக்கமானது. நான் மேற்படிப்புக்கு வந்தேன். படித்துக்கொண்டிருந்த கல்லூரியைப் பாதியில் இழுத்து மூடினார்கள். விசா முடிந்தது. போட்ட மனுக்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் திரும்பி வந்தன. கடைசி மனுவையும் நிராகரித்ததும் தீர்ப்பாயத்தில் மேல்முறையீடு செய்தோம். டுரோ இங்கேயே பிறந்து எட்டு வருடத்தை முடித்திருந்தாள். எங்களிடம் இருந்த ஒரே பலம் அதுதான்.

வக்கீல் மிஸஸ் கிளெக் மெலிந்த பெண்மணி. சுற்றி வளைத்துப் பேசத் தெரியாது.

"மிஸ்டர் ஒடுன்லாமி, ஒண்ணு சொல்றேன், கோச்சுக்காதீங்க. நீதிபதிக்கு உங்களப் பத்திக் கவலை கிடையாது. கேள்வி ஒண்ணே ஒண்ணுதான். இந்தக் குழந்தைக்கு எது நல்லது? இவள இந்த நாட்ட விட்டுப் போன்னு சொல்றது நியாயமா? அவ்வளவுதான் கேஸ்."

"இவ இங்க பொறந்தவங்க. பள்ளிக்கூடம், சிநேகிதம் எல்லாம் இங்கதான்."

"அது நமக்கு நல்லது. ஆனா அந்தப் பக்கம் என்ன கேப்பாங்க தெரியுமா? நைஜீரியா போனா இவ ஒட்டிக்குவாளா, பாஷை தெரியுமா, பழக்கவழக்கம் தெரியுமான்னு கேப்பாங்க."

"தெரியும்னா?"

"தெரியும்னா தெரியும்னு சொல்லணும். நான் பொய் சொல்லச் சொல்றேன்னு நெனச்சுக்காதீங்க. கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க, போதும்."

அவர் கோடுதான் போட்டார். நான் ரோடே போட்டுவிட்டேன்.

அன்று வீட்டுக்கு வந்ததும் சட்டம் போட்டேன். வழக்கு முடியும்வரை வீட்டில் யொரூபா கூடாது. யாருக்கும் முட்டி போடக் கூடாது. பள்ளியில் ஊர் உடை போடும் நாள் வந்தால் ஜீன்ஸ்தான். டுரோ சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்போ பிரெண்டா ஆன்ட்டிக்கு?"

"கை ஆட்டி ஹலோ சொல்லு."

"சர்ச்ல?"

"சர்ச்ல போடலாம். கடவுள் கோர்ட்டுக்கு வந்து சாட்சி சொல்ல மாட்டார்."

அபிக்கே கையிலிருந்த கரண்டியைப் பாத்திரத்தில் எறிந்தாள். "டுரோ அப்பா, பிள்ளைக்கு எது நல்லதுன்னுதானே கேக்குறாங்க? அதுக்கு நீங்க பிள்ளைய பாதியா வெட்டுறீங்களா?"

"மூணு மாசம்தான், டுரோம்மா."

"மூணு மாசம் பேசலைன்னா நாக்கு மறந்துடும். அப்புறம் எங்கம்மாகிட்ட போன்ல இவ என்ன பேசுவா? குட் மார்னிங் மேடம்னா?"

"நாக்கு மறந்தா கேஸுக்கு நல்லதுதான்," என்றேன். சொன்ன வாயில் அப்போதே சூடு வைத்துக்கொண்டிருக்க வேண்டும்.

அபிக்கே அதற்கு மேல் பேசவில்லை. உண்மையிலேயே பேசவில்லை. அவளுடைய இங்கிலீஷ் கடைக்கும் பஸ்ஸுக்கும்தான் போதும், மகளோடு கொஞ்ச அது காணாது. ஆகவே மூன்று மாதம் எங்கள் வீட்டில் 'சாப்டியா', 'குளிச்சியா', 'தூங்கு' என்ற அளவில்தான் பேச்சு நடந்தது. அபிக்கே தலை பின்னிவிடும்போது எப்போதும் பாடுவாள். அந்தப் பாட்டும் நின்றது. நான் அதைக் கவனித்தேன், கவனிக்காத மாதிரி இருந்தேன். நம் பிள்ளையின் நன்மைக்குத்தானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

பிரெண்டா எங்களுக்காகச் சாட்சிக் கடிதம் எழுதித் தந்தார். இரண்டு பக்கம், கோணல் மாணலான கையெழுத்து. நடுவில் ஒரு வரி: "தினமும் காலையில் இந்தக் குழந்தை எனக்கு முழங்காலிட்டு வணக்கம் சொல்வாள், இவ்வளவு நல்ல வளர்ப்பை நான் பார்த்ததில்லை." நான் பேனாவை எடுத்து அந்த வரியை அடித்தேன். வேறு தாளில் திரும்ப எழுதித் தரும்படி கேட்டுக்கொண்டேன்.

"ஏம்ப்பா? உண்மைதானே?"

"உண்மைதான் பிரெண்டா. இந்தக் கேஸுக்கு வேண்டாம்."

"எனக்குப் புரியல. இப்போல்லாம் அவ முட்டி போடறதே இல்ல. நான் ஏதாவது தப்பா சொல்லிட்டேனா? புள்ளைக்கு என்மேல கோவமா?"

"அதெல்லாம் இல்ல. வளர்றா, வெக்கம்." முகத்தைப் பார்க்காமல் சொன்னேன்.

விசாரணை நாளில் அபிக்கே எங்கள் எல்லோர் துணிக்கும் இரண்டு முறை இஸ்திரி போட்டாள். தீர்ப்பாயத்தில் நான் நினைத்திருந்தபடி பெரிய மண்டபமோ தலையில் பொய்முடி வைத்த நீதிபதியோ இல்லை. பள்ளிக்கூட வகுப்பறை மாதிரி ஒரு அறை, நீலத் தரைவிரிப்பு, ஒரு தண்ணீர் ஜாடி. நீதிபதி எழுபதை நெருங்கும் அம்மாள். அரசுத் தரப்பில் வந்தவன் இளைஞன், நல்ல மாதிரியாகத்தான் பேசினான். நானும் மிஸஸ் கிளெக்கும் முன் மேஜையில் உட்கார்ந்தோம். அபிக்கேவுக்கு எங்களுக்குப் பின்னால், கதவோரம் நாற்காலி. டுரோவை வெளியே பிரெண்டாவோடு உட்கார வைத்திருந்தோம்.

முதலில் என்னை விசாரித்தார்கள்.

"உங்க மகளுக்கு யொரூபா பேச வருமா?" என்று இளைஞன் கேட்டான்.

"ரெண்டு மூணு வார்த்தை."

"உங்க ஊர்ப் பழக்கவழக்கம்?"

"இங்க இருக்கற பிள்ளைங்க மாதிரிதான் அவளும்."

மிஸஸ் கிளெக் தலை நிமிராமல் எழுதிக்கொண்டிருந்தார். எனக்குப் பின்னால் நாற்காலி கிறீச்சிட்டது. அபிக்கே என்பது திரும்பாமலே தெரிந்தது.

நான் முன் மேஜைக்குத் திரும்பியதும் பிரெண்டாவைக் கூப்பிட்டார்கள். அவர் உள்ளே வரும்போது டுரோவும் கூடவே வந்தாள். வெளியே இருந்த பணியாளர், பிள்ளையைத் தனியாக விடக் கூடாது என்று சொல்லிவிட்டாராம். மிஸஸ் கிளெக் எழுந்து ஏதோ சொல்லப் போனார். நீதிபதி கையமர்த்தினார். "பரவால்ல, பின்னால உக்காரட்டும். குழந்தைய ஒரு தடவையாவது பாத்த மாதிரி இருக்கும்." பிறகு டுரோவைப் பார்த்துச் சிரித்தார். "உன் பேரு என்ன, செல்லம்?"

டுரோ பின்னால் போய் உட்காரவில்லை. அம்மாவைத் தாண்டி, என்னைத் தாண்டி, நீதிபதியின் மேஜைக்கு முன்னால் வரைக்கும் நடந்து போனாள். போய் இரண்டு முழங்காலையும் தரைவிரிப்பில் ஊன்றினாள். தலையைக் குனிந்துகொண்டு முணுமுணுத்தாள். எனக்குக் கேட்டது கடைசிச் சொல் மட்டும்தான். "டுரோ."

நீதிபதி மேஜைக்கு மேலாக எட்டிப் பார்த்தார். "என்ன ஆச்சு? உடம்பு சரியில்லையா?"

எனக்கு மூளையில் ஒன்றுதான் ஓடியது. மூன்று மாதப் பாடு ஒரு நொடியில் தரையில் கிடக்கிறது. வாய் முந்திக்கொண்டது. "லேஸ், மேடம். ஷூ லேஸ் அவுந்துடுச்சு, கட்டறா."

"லேஸா?" என்று சாட்சி நாற்காலியிலிருந்து பிரெண்டா சொன்னார். "அது ஒட்டுப்பட்டை வெச்ச ஷூ ஆச்சே. போன மாசம் நான்தானே வாங்கிக் கொடுத்தேன்."

எல்லோரும் டுரோவின் காலைப் பார்த்தோம். கறுப்பு ஷூ. பட்டை. லேஸ் இல்லை.

பிரெண்டாவுக்கு எங்களுக்கு உதவ வேண்டும் என்ற ஆசை. அந்த ஆசையில் நிறுத்தாமல் பேசினார். "அவ வணக்கம் சொல்றாங்க, மேடம். அவங்க ஊர்ல பெரியவங்களுக்கு அப்படித்தான் செய்வாங்க. எனக்கு நாலு வருஷமா தினமும் காலையில செஞ்சா. இப்ப ஒரு மூணு மாசமாத்தான் இல்ல. நான் லெட்டர்லகூட எழுதியிருந்தேன், அப்புறம் அவர்தான் அதை எடுத்துடச் சொன்னார்." சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தார். அவர் முகம் வெளுத்தது. "ஐயோ. சொல்லக் கூடாததா?"

இளைஞன் எழுந்தான். என்னைத் திரும்பவும் சாட்சி நாற்காலியில் உட்கார வைத்தார்கள். அபிக்கே வந்து மகளைத் தூக்கி நிறுத்திக் கூட்டிக்கொண்டு வெளியே போனாள். போகும்போது டுரோ என்னையே திரும்பித் திரும்பிப் பார்த்தாள்.

"மூணு மாசம் முன்னாடி அவள நிறுத்தச் சொன்னது யார்?"

"நான்தான்."

"ஏன்?"

"இந்தக் கேஸுக்காக."

"யொரூபா ரெண்டு மூணு வார்த்தைதான் வரும்னு சொன்னீங்களே, அது?"

"நல்லாவே பேசுவா. அவ அம்மாவோட எப்பவும் அதுலதான் பேசுவா."

"வேற கேள்வி இல்ல," என்று அவன் உட்கார்ந்தான். அவன் குரலில் வெற்றி எதுவும் இல்லை. அதுதான் எனக்கு இன்னும் அவமானமாக இருந்தது.

பஸ்ஸில் திரும்பி வரும்போது நாலு பேரும் நாலு சீட்டில் உட்கார்ந்தோம். பிரெண்டா மூக்கை உறிஞ்சிக்கொண்டே வந்தார். டுரோ எழுந்து வந்து என் பக்கத்தில் நின்றாள்.

"அப்பா, நான் தப்பு பண்ணிட்டேனா?"

அப்போது நான் கேட்டிருக்க வேண்டியது இரண்டே வார்த்தை: 'ஏன்ம்மா செஞ்சே?' நான் கேட்கவில்லை. பஸ்ஸில் இருந்தவர்கள் திரும்பிப் பார்க்கும்படி கத்தினேன். "முட்டி போடாதேன்னு எத்தன தடவ சொன்னேன்? எத்தன தடவ? ஒரு நாள், ஒரே ஒரு நாள் சொன்ன பேச்சு கேக்க முடியலயா உன்னால?"

அவள் போய் அம்மாவின் மடியில் முகத்தை வைத்துக்கொண்டாள். அபிக்கே அவள் முதுகைத் தடவிக்கொண்டே யொரூபாவில் ஏதோ சொன்னாள். என் சட்டம் அந்த பஸ்ஸோடு முடிந்தது.

தீர்ப்பு வர ஐந்து வாரம் ஆயிற்று. வீட்டில் பேச்சும் பாட்டும் திரும்பி வந்தன, என்னிடம் மட்டும் வரவில்லை. டுரோ காலையில் எனக்கு முட்டி போட்டாள், "ஏ காரோ" சொன்னாள். ஆனால் என் முகத்தைப் பார்ப்பதில்லை. கடன் தீர்ப்பவள் மாதிரி செய்துவிட்டுப் போய்விடுவாள். பிரெண்டாவைப் பார்த்தால் நான் தெருவின் அந்தப் பக்கம் போய் நடந்தேன். அவர்மேல் கோபம் என்று அவர் நினைத்திருப்பார். கோபம் யார்மேல் என்று எனக்குத்தான் தெரியும்.

ஒரு சனிக்கிழமைக் காலை கடிதம் வந்தது. சனிக்கிழமை என்றால் எங்கள் வீட்டில் அகரா. காராமணியை அரைத்து வடை மாதிரி எண்ணெயில் போடுவது. அபிக்கே பொரித்துக்கொண்டிருந்தாள். டுரோ மேஜையில் கஞ்சிக் கிண்ணத்தோடு இருந்தாள். நான் நின்றுகொண்டே உறையைக் கிழித்தேன். பதினாலு பக்கம். கடைசிப் பக்கத்தை முதலில் பார்த்தேன். மேல்முறையீடு தள்ளுபடி.

அபிக்கே அடுப்பை அணைத்தாள். "படிங்க. ஏன்னு போட்டிருக்கும்ல?"

படித்தேன். அந்த அம்மாள் நியாயமாகத்தான் எழுதியிருந்தார். அப்பா சொன்ன பொய்க்குப் பிள்ளையைத் தண்டிக்கக் கூடாது என்றுகூட ஒரு பத்தி இருந்தது. பிறகு நாற்பத்தோராவது பத்தி. அதை அபிக்கேவுக்குப் புரிய நிறுத்தி நிறுத்தி யொரூபாவில் சொன்னேன்.

"குழந்தை என் முன் முழங்காலிட்டு, தன் பெற்றோரின் மக்கள் பெரியவர்களை வணங்கும் முறைப்படி என்னை வணங்கித் தன் பெயரைச் சொன்னாள். யாரும் தூண்டாமல், இயல்பாக அதைச் செய்தாள். அவளுடைய தந்தை மறைக்க முயன்றதைக் குழந்தையே எனக்குக் காட்டினாள். அந்த மொழியும் பண்பாடும் அவளுக்குள் ஆழமாக இருக்கின்றன. பெற்றோருடன் அங்கே சென்று வாழ்வது அவளுக்கு அந்நியமாக இருக்காது என்று முடிவு செய்கிறேன்."

"நான் வணக்கம் சொல்லலையே," என்றாள் டுரோ.

நாங்கள் இருவரும் திரும்பினோம். அவள் கரண்டியைக் கிண்ணத்தில் வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தாள்.

"என்னம்மா?"

"அவங்க தப்பா எழுதியிருக்காங்க. நான் வணக்கம் சொல்லல. கேட்டேன்."

"என்ன கேட்டே?"

அவள் நாற்காலியிலிருந்து இறங்கினாள். சமையலறைத் தரையில் முட்டி போட்டாள். இரண்டு உள்ளங்கைகளையும் சேர்த்து நெஞ்சுக்குக் கீழே வைத்துத் தேய்க்க ஆரம்பித்தாள். குளிருக்குத் தேய்ப்பதுபோலச் சத்தமில்லாமல், நிறுத்தாமல் தேய்த்தாள். "ஏ ஜோ, மா. ஏ ஜே கா டுரோ," என்றாள்.

தயவு பண்ணுங்கம்மா. எங்களை இருக்க விடுங்க.

அபிக்கே வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அவங்கதான் முடிவு பண்ணுவாங்கன்னு நீங்க சொன்னீங்க," என்று டுரோ இங்கிலீஷில் என்னிடம் சொன்னாள். "மிஸஸ் கிளெக் கேக்கல. அந்த ஆளும் கேக்கல. நீங்களும் கேக்கல. அதான் நானே கேட்டேன். இங்கிலீஷ்ல கெஞ்சினா ஏதோ கடையில கேக்கற மாதிரி இருக்கும்ப்பா."

"கை," என்றாள் அபிக்கே. அவள் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "அன்னிக்கும் கையைத் தேச்சாளா? நான் பின்னால இருந்தேன், எனக்கு இவ முதுகுதான் தெரிஞ்சுது. நீங்க பக்கத்துலதானே இருந்தீங்க. பாக்கலையா?"

யொரூபாக்காரன் எவன் பார்த்திருந்தாலும் தெரிந்திருக்கும். நீதிபதிக்கும் பிரெண்டாவுக்கும் தெரிய வாய்ப்பில்லை. அவர்களுக்கு முட்டி என்றால் முட்டிதான். அந்தக் கையைப் படிக்கத் தெரிந்தவன் அவளுக்கு இரண்டடி தூரத்தில் உட்கார்ந்திருந்தான். படிக்கவில்லை. பொய் சொல்வதில் மும்முரமாக இருந்தான். என் மகள் இங்கேயே இருக்க வேண்டும் என்று கெஞ்சியதை, அவள் இங்கிருந்து போகலாம் என்பதற்குச் சாட்சியமாக மாற்றிக் கொடுத்தவன் நான்.

நான் அவள் முன்னால் தரையில் உட்கார்ந்தேன். எங்கள் ஊரில் அப்பன் பிள்ளைக்கு முன்னால் இப்படி உட்கார மாட்டான். "என்னை மன்னிச்சுடும்மா," என்றேன். அவள் என்ன செய்வது என்று தெரியாமல் அம்மாவைப் பார்த்தாள். பிறகு என் தலையில் கையை வைத்து, "சரி, அகரா ஆறிப் போகுது," என்றாள்.

சாப்பிட்ட கையோடு நான் பிரெண்டா வீட்டுக் கதவைத் தட்டினேன். விஷயத்தைச் சொன்னேன். அவர் நிலைக்கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். "முத நாள் நான் இவகிட்ட என்ன தொலைச்சேன்னு கேட்டேன். ஞாபகம் இருக்கா?" என்றார். "அன்னிக்கு அங்கயும் யாராவது அதக் கேட்டிருக்கலாம்." அவர் என்னைக் குற்றம் சொல்லவில்லை. நான் இன்னொரு விஷயமும் சொன்னேன்: அவர் கடிதத்தில் நான் அடித்த வரியைத் திரும்ப எழுதித் தர வேண்டும். அவர் உடனே கண்ணாடியைத் தேடிப் போனார்.

திங்கட்கிழமை மிஸஸ் கிளெக்கிடம் போனோம். முழுவதையும் கேட்டுவிட்டு அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"அவகிட்ட என்ன வேணும்னு நானும் கேக்கல," என்றார். "குழந்தையோட நலன், குழந்தையோட நலன்னு முப்பது பக்கம் எழுதியிருக்கேன். குழந்தைகிட்ட ஒரு வார்த்தை கேக்கல."

"இனிமே ஏதாவது செய்ய முடியுமா?"

"மேல் தீர்ப்பாயத்துக்குப் போக அனுமதி கேக்கலாம். பதினாலு நாள் இருக்கு. குழந்தை கெஞ்சினத வணக்கம்னு எடுத்துக்கிட்டாங்க, குழந்தையோட விருப்பத்த யாரும் கேக்கவே இல்லன்னு சொல்லலாம். ஜெயிக்கும்னு நான் வாக்கு கொடுக்க மாட்டேன். இன்னொண்ணு, நீங்க சொன்ன பொய்ய உங்க கையாலயே எழுதிக் கொடுக்கணும். அது உங்களுக்கு நல்லதில்ல."

"எனக்கு நல்லதா இருக்கணும்னு இல்ல," என்றேன்.

"குழந்தையும் தனியா ஒரு தாள்ல எழுதட்டும். அவ வார்த்தையில. நீங்க கை வைக்காதீங்க. எழுத்துப் பிழையக்கூடத் திருத்தாதீங்க."

அன்று சாயங்காலம் மேஜையில் இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்தோம். நான் என்னுடையதை எழுதினேன். 'லேஸ் என்று சொன்னேன். லேஸ் இல்லை. அது எனக்குத் தெரியும்.' அந்த மூன்று வரிக்கு எனக்கு அரைமணி நேரம் பிடித்தது. டுரோ தன் தாளைக் கையால் மறைத்துக்கொண்டு, நாக்கைக் கடித்தபடி எழுதினாள். அபிக்கே அவள் பின்னால் நின்று தலையைப் பின்னிக்கொண்டே பாடினாள். முடித்ததும் டுரோ தாளை என் பக்கம் தள்ளினாள்.

"பேனாவை எடுக்கக் கூடாது," என்றாள்.

"எடுக்கல."

மேலே பெயரை முழுதாக எழுதி, பக்கத்தில் அதன் அர்த்தத்தையும் எழுதியிருந்தாள். கீழே பென்சிலில் இரண்டே வரி.

'நான் இங்கேயே இருக்கட்டுமா என்று ஜட்ஜிடம் கேட்டேன். அப்பா என் ஷூவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.'

அதை நான் அடிக்கவில்லை.